இன்று போகலாம்

ஃப்ரீசர் பெட்டியைத் தூக்கி வந்த இருவரில் ஒருவன் சுவரோரம் குனிந்து, அங்கே செருகியிருந்த பிளக்கை யாரையும் கேட்காமல் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பிளக்கைச் செருகினான். பெட்டி ஒருமுறை குலுங்கி உறுமத் தொடங்கியது. மேசைமேல் இருந்த வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. மருமகள் அதைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர மனதில் ஏறவில்லை. சாவு வீட்டில் வைஃபை அணைந்ததற்கு யார் கவலைப்படப் போகிறார்கள்.

"அத்தை, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பெட்டியைத் திருப்பணுமாம்."

மாமியார் நாற்காலியோடு நகர்ந்தாள். காலையிலிருந்து அவள் வாயில் ஒரே பேச்சுதான். வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "டீ ஆறுதுன்னு ரெண்டு தடவை திட்டிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல மனுஷன்."

மாமனார் விடிவதற்குள் போய்விட்டார். வழக்கம்போல ஆற்றுக்குக் கிளம்பி, பின்வாசல் படியில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸ் மாட்டியிருக்கிறார். ஒரு காலில் ஏறியிருந்தது. இன்னொன்று கையில் இருந்தது. டாக்டர் வந்து, வலி தெரிந்திருக்காது என்றார். யாருக்கும் வலி தெரிந்து செத்ததாக அவர் இதுவரை சொன்னதில்லை.

ஊரில் அவருக்குப் பெயர் மதகு. அணைக்கட்டில் மதகு திறந்து மூடும் வேலையில் இருந்தவர். வேலை போய் வருஷங்கள் ஆனபின்னும் பட்டப்பெயர் போகவில்லை. ஆறு வீட்டுக்குப் பின்னால்தான் ஓடியது. கொஞ்சம் கீழே, வளைவு தாண்டி, அக்கரைக்குப் போகிற தரைப்பாலம். கைப்பிடி இல்லாத பாலம். தண்ணீர் ஏறினால் முதலில் மூழ்குவது அதுதான். தண்ணீர் ஏறுமா என்று கேட்டு விடிந்தும் விடியாமலும் ஊரே அவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தது. பால் வண்டிக்காரர் கேட்பார், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் கேட்பார், செங்கல் சூளைக்கு ஆள் ஏற்றுகிறவர் கேட்பார். டீ ஆறிப்போகும். மாமியார் திட்டுவாள்.

மருமகளுக்கு ஒரு சின்ன நிறுவனத்தில் இணையதளம் கட்டிக்கொடுக்கிற வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தளம் போட்டுக்கொடுக்கிறேன் மாமா என்று அவள்தான் ஆரம்பித்தாள். ஒரே ஒரு பக்கம். அவர் ஒரு கோப்பில் மூன்று வரி தட்டச்சு செய்ய வேண்டும்: அளவு, போகலாமா வேண்டாமா, அப்புறம் மனதில் பட்ட ஒரு வார்த்தை. 'ஏற்று' என்று பெயர் வைத்த பொத்தானை அழுத்தினால் அந்த மூன்று வரியும் ஒரு பக்கமாகி எங்கோ இருக்கிற கணினியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மறுபடி யாராவது மாற்றுகிறவரை அப்படியே இருக்கும். தானாக எதுவும் அசையாது. அதனாலேயே சீக்கிரம் கெடாது, செலவும் இல்லை. ஆற்றோரத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால், ஒருமுறை திறந்த பக்கம் போனிலேயே தங்கும்படியும் செய்திருந்தாள். சிக்னல் கிடைத்தால் புதுசு, கிடைக்காவிட்டால் கடைசியாகப் பார்த்தது. இதெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருந்த விஷயங்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் அவர்கள் முட்டிக்கொண்டார்கள். அவள் மேலே தேதி போட்டிருந்தாள். அவர் அதை எடுக்கச் சொன்னார்.

"இன்னைக்குன்னு பெருசாப் போடும்மா. வண்டி ஓட்டுறவன் தேதியைப் படிச்சு, விரல் விட்டு எண்ணிக்கிட்டா இருப்பான்?"

"ஒரு நாள் நீங்க மாத்தலைன்னா மாமா? நேத்து போட்டது இன்னைக்குன்னு நிக்குமே."

"நான் மாத்தலைன்னா நான் இல்லைன்னு அர்த்தம்" என்று சிரித்தார். "அது ஊருக்குத் தெரியாமலா போகும்?"

அவருக்கு எதற்கும் ஒரு பதில் உண்டு. அவளும் விட்டுக்கொடுத்துவிட்டாள். பக்கத்தின் தலையில் 'இன்று' என்றும் காலில் 'நேரில் பார்த்து எழுதுவது: மதகு' என்றும் நிரந்தரமாகப் பதித்துவைத்தாள். அதன்பிறகு ஒரு நாள்கூட அவர் தவறவிட்டதில்லை.

பந்தல்காரர்கள் வாசலில் நாற்காலி இறக்கினார்கள். வானம் அழுக்குத் துணியாகத் தொங்கியது, ஆனால் மழை இல்லை. கணவன் வருகிறவர்களுக்குக் கைகொடுத்தபடி நின்றான். அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பாவமாக இருந்தது. அழுவதற்கு ஒரு மூலை கிடைக்காதா என்று தேடுகிறவன்போல நின்றான். காலையிலிருந்து ஏதோ சரியில்லை என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. செத்த வீட்டில் எதுதான் சரியாக இருக்கும் என்று தன்னைத்தானே அடக்கிக்கொண்டு, சமையலறையில் தம்ளர்களைக் கழுவினாள். கழுவும்போதும் அந்த உறுத்தல் போகவில்லை. ஏதோ ஒரு சத்தம் குறைகிறது என்று மட்டும் தெரிந்தது. எது என்று தெரியவில்லை.

வெளியூரில் இருக்கும் மூத்த நாத்தனார் வந்ததும் எடுத்துவிடலாம் என்று முடிவாகியிருந்தது. விடியற்காலையில் வைஃபை இருக்கும்போதே கணவன் அக்காவைக் கூப்பிட்டான். வீட்டுக்குள் போன் சிக்னல் சுத்தமாக வராது, எல்லாப் பேச்சும் வைஃபை வழியாகத்தான். அவன் சித்தப்பா பக்கத்திலேயே நின்று, அடித்தொண்டையில் சொல்லிக்கொடுத்தார். "செத்துட்டாருன்னு சொல்லிராத. குழந்தைங்களோட அவ்வளவு தூரம் வரணும். உடம்பு சரியில்லை, பாக்கணும்ங்குறாருன்னு மட்டும் சொல்லு." கணவன் அப்படியே சொன்னான். பேசி முடித்துவிட்டுப் போனை மேசைமேல் கவிழ்த்துவைத்தான். அதற்குப் பிறகுதான் ஃப்ரீசர் பெட்டி வந்தது.

அமரர் ஊர்தி ஓட்டுநர் மதியத்துக்குமேல் வந்தார். தாட்டியான ஆள், குரல் மட்டும் மெல்லியது. இடுகாடு அக்கரையில் இருந்ததால் வழி பேச வேண்டியிருந்தது.

"மேல்பாலம் சுத்திப் போனா ரொம்ப நேரமாயிரும் சார். தரைப்பாலத்துலயே விட்டுருவோமா?"

"தண்ணி எப்படியோ" என்றார் சித்தப்பா.

"அதான் போட்டிருக்காங்களே. வர்ற வழியில பாத்துட்டுத்தான் வந்தேன்." ஓட்டுநர் போனைத் திருப்பிக் காட்டினார். "மதகுன்னு ஒருத்தரு. தினமும் கரெக்டாப் போடுவாரு. அவரு சொன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்."

தட்டோடு வந்த மருமகள் அந்தத் திரையைப் பார்த்தாள்.

இன்று. ஒன்றரை அடி. போகலாம். கொக்கு நிறைய வந்திருக்கு. நேரில் பார்த்து எழுதுவது: மதகு.

கொக்கைப் பற்றி அவர் முந்தின நாள் காலையில்தான் சொன்னார், தோசை சாப்பிட்டுக்கொண்டே. தட்டை அவள் அருகிலிருந்த நாற்காலியில் வைத்தாள். ஓட்டுநர் சொன்ன ஆள் அடுத்த அறையில்தான் படுத்திருக்கிறார் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

அவள் பின்வாசலுக்குப் போனாள். படியில் அந்த பூட்ஸ் இரண்டும் கிடந்தன. டாக்டர் வந்தபோது காலிலிருந்து கழற்றி யாரோ ஜோடியாக வைத்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அவள் காலுக்குப் பெரிது, ஒவ்வொரு அடிக்கும் தொளதொளவென்றது. பாதி வழியில்தான் காலையிலிருந்து உறுத்தியது என்னவென்று புரிந்தது. ஆற்றுச் சத்தம் இல்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, கல்லில் மோதிச் சலசலக்கிற அந்தச் சத்தத்தில்தான் அவள் தூங்கி எழுந்துகொண்டிருந்தாள். அது நின்றுபோயிருந்தது. ஆறு வாயைத் திறந்து கத்துகிறவரை ஒன்றும் பயமில்லை, வாயை மூடிக்கொண்டால் கல்லெல்லாம் முழுகிவிட்டது என்று மாமனார் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

கல்லெல்லாம் முழுகியிருந்தது. இங்கே ஒரு தூறல்கூட இல்லாத நாளில், செம்மண் நிறத்தில் கரை நிறைய வழுவழுவென்று போய்க்கொண்டிருந்தது தண்ணீர். வேகம்கூடத் தெரியவில்லை. ஒரு முழு மரம் வேரோடு, அவசரமே இல்லாமல் வந்து, அவளைக் கடந்து போனது. அளவுக்கல்லில் மாமனார் பூசிய சிவப்புக் கோடு காணவில்லை. அதற்கு மேலே நான்கு என்ற எண்ணின் தலை மட்டும் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நனைந்தது.

வீட்டுக்குள் வந்தவள் நேராக ஃப்ரீசர் பெட்டியிடம் போய்க் குனிந்து அதன் பிளக்கில் கை வைத்தாள்.

"ஏம்மா, என்ன பண்ற?" என்றார் சித்தப்பா.

"வைஃபை வேணும் சின்ன மாமா. பக்கத்தை மாத்தணும். நேத்து போட்டது அப்படியே நிக்குது. ஆறு கோட்டைத் தாண்டிருச்சு."

"அதுக்கு இதையா பிடுங்குவ? உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியுதா? வேற எங்கயாவது செருகு."

"ஒயர் இங்கதான் வருது."

"நாலு பேரு பாக்குற இடத்துல—"

"பிடுங்கு" என்றாள் மாமியார். காலையிலிருந்து அவள் சொன்ன முதல் வேறு வார்த்தை அது. "அவரு இருந்தா முதல்ல அதைத்தான் பிடுங்கியிருப்பாரு."

பெட்டியின் உறுமல் நின்றது. அறையில் அதுவரை இருந்தது எவ்வளவு பெரிய சத்தம் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. பச்சை விளக்கு சிமிட்டியது, நின்றது, பிறகு நிலைத்தது. மேசைமேல் கவிழ்த்துவைத்திருந்த கணவனின் போன் அடுத்தடுத்து அதிர்ந்தது. அவன் எடுத்துப் பார்த்தான். அக்காவிடமிருந்து குரல் செய்தி. என்ன ஏது என்று யோசிக்காமல் அழுத்திவிட்டான்.

"தம்பி, நீ பேசின பேச்சுல எனக்கு உயிரே போயிருச்சுடா. வண்டியில உக்காந்ததுல இருந்து அழுகை. அப்புறம்தான் தோணுச்சு, அப்பா பக்கத்தைத் திறந்து பாத்தேன். இன்னைக்குப் போகலாம்னு போட்டிருக்காரு. கொக்கு வந்திருக்காம்." சிரிப்பும் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் ஒன்றாக வந்தன. "எந்திரிச்சு ஆத்துக்குப் போற அளவுக்கு இருக்காருல்ல, அது போதும் எனக்கு. டிரைவர் மேல்பாலம் வழியாப் போகலாம்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். அப்பாவே போகலாம்னு சொன்னப்புறம் என்ன, தரைப்பாலத்துலயே வந்துர்றோம்."

மாமியார் பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டாள்.

கணவன் கூப்பிட்டுப் பார்த்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி கூப்பிட்டான், மறுபடி அதே. மலைச்சாலையில் சிக்னல் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கரை இறக்கத்துக்கு வந்தபிறகுதான் செல்போன் கோபுரம், அங்கிருந்து பாலத்துக்கு ஒரே வளைவு. அவன் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினான். வாசலில் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. இக்கரையில் நின்று அவன் என்ன செய்ய முடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கை காட்டலாம்.

அவள் மாமனாரின் நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். கோப்பு திறந்தபடியே இருந்தது. மூன்று வரி. முதல் இரண்டை அழித்து, அளவு நான்கு அடி என்றும், வேண்டாம் என்றும் எழுதினாள். மூன்றாவது வரியில் கொக்கு நின்றது. அதை அழித்தாள்.

அங்கே என்ன எழுதுவது? எழுதிய மனிதர் இல்லை என்று எழுதலாம். அதுதான் உண்மை. ஆனால் ஓடுகிற வண்டியில், இரண்டு குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒருத்தி தன் அப்பா செத்ததை அப்பாவின் பக்கத்திலேயே படிக்க வேண்டுமா? வெறுமனே விட்டால் பக்கம் பாதியில் நிற்கும். ஏதோ கோளாறு என்று நினைத்து யாராவது வண்டியை விட்டுவிடலாம். வேண்டாம் என்று எழுதுகிற நாட்களில் அவர் எப்போதும் ஒரே வரிதான் போடுவார். நாத்தனாருக்கு, ஓட்டுநருக்கு, ஊருக்கே பழகிய வரி. அதைப் பார்த்தால்தான் அது அவர் சொன்னதாகும், அவர் சொன்னால்தான் நிற்பார்கள். அவள் விரல்கள் அதையே எழுதின.

நாளைக்குப் பார்ப்போம்.

'ஏற்று' என்பதை அழுத்தினாள். சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது. முதல் வரியில் பிழை. படித்தாள். மறுபடி படித்தாள். எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை. பின்னால் சித்தப்பா, "ஆச்சாம்மா, பெட்டியைப் போடலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அளவு என்பதை அடுத்த இரட்டைப் புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடாமல் எண்ணை ஒட்டி எழுதியிருந்தாள். அவருக்கு அவள் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். புள்ளிக்கு அப்புறம் கொஞ்சம் மூச்சு விடணும், இல்லைன்னா அது கோவிச்சுக்கும் என்று அவர் அதைத் தன் பாணியில் நினைவு வைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒருமுறைகூடக் கோவித்துக்கொண்டதில்லை.

இடைவெளி விட்டாள். அழுத்தினாள். வரிகள் ஓடின. ஓடி முடிந்து, ஏறிவிட்டது என்றது. தன் போனில் திறந்து பார்த்தாள். இன்று. நான்கு அடி. வேண்டாம். நாளைக்குப் பார்ப்போம். கீழே, அவள் எழுதாமலே, என்றைக்கும் நிற்கிற வரி நின்றது. நேரில் பார்த்து எழுதுவது: மதகு.

"இப்பப் போடுங்க" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, அந்த பூட்ஸோடு வாசல் வழியாக ஓடினாள். நாற்காலியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அமரர் ஊர்தி ஓட்டுநர் போனைத் தேய்த்துக்கொண்டே, "அட, இப்ப மாத்திட்டாரே" என்றார். பாதி வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. வானம் இன்னும் இறங்கி, மாலைக்கு முன்பே இருட்டிக்கொண்டு வந்தது.

பாலம் இருந்த இடத்தில் ஒரு மெல்லிய வரி மட்டும் தண்ணீர்மேல் தெரிந்தது. பார்த்தால் கணுக்கால் அளவுதான் என்று தோன்றும். கணவன் விளிம்பில் நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் போன் பைக்கின்மேல் கிடந்தது. அக்கரை வளைவில் இரண்டு விளக்குகள் திரும்பின. ஒரு வேன். அது வேகத்தைக் குறைக்கவில்லை. இறக்கத்தில் இறங்கியது, பாலத்தின் வாய்க்கு வந்தது, முன்சக்கரம் இரண்டும் தண்ணீருக்குள் போயின. விளக்கின் வெளிச்சம் ஆற்றின்மேல் நீளமாக விழுந்து ஆடியது. கணவன் கத்தினான். அவன் குரல் பாதி ஆற்றைக்கூடத் தாண்டியிருக்காது.

வேன் நின்றது.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, மெதுவாகப் பின்னால் ஏறியது. கணவன் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டான். கையிலிருந்த போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி" என்றாள் மருமகள்.

"அம்மாடி, நெஞ்சே நின்னுருச்சு. வண்டி இறங்கிருச்சு தெரியுமா? வழியெல்லாம் அப்பா பக்கத்தையேதான் பாத்துக்கிட்டு வர்றேன், சிக்னல் வந்ததும் டக்குனு மாறுச்சு. வேண்டாம்னு. நிறுத்துங்கன்னு கத்திட்டேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் ஒரு குழந்தை எதற்கோ சிணுங்கியது. "இந்த உடம்போட ஏன் ஆத்துக்குப் போக விடுறீங்க அவரை? சொன்னாக் கேக்கமாட்டாரு, தெரியும். எங்க உயிரையே காப்பாத்திட்டாரு. போனை அவர்கிட்ட குடு."

"நான் கரையில இருக்கேன் அண்ணி. வீட்டுல இல்லை."

"சரி, அப்ப நீயே சொல்லிரு. இனிமே மேல்பாலம் சுத்தி வந்தா குழந்தைங்க தாங்காது. நல்லாத்தான் இருக்காரே, எழுதியிருக்காருல்ல. நாளைக்குப் பார்ப்போம்னு அவரே போட்டிருக்காரு. நாங்க இங்க எங்கயாவது தங்கிட்டு, தண்ணி வடிஞ்சதும் நாளைக்கே வர்றோம். என்ன?"

கணவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சொல்லிவிடாதே என்கிறானா, சொல்லிவிடு என்கிறானா என்று அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை. தூறல் வலுத்தது. ஒரு பூட்ஸுக்குள் எப்படியோ தண்ணீர் புகுந்து, காலைச் சுற்றிக் குளிர்ந்தது.

"சுத்தியே வந்துருங்க அண்ணி" என்றாள். "எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. இன்னைக்கே வந்துருங்க."

"இன்னைக்கேவா?"

"ஆமா அண்ணி. இன்னைக்கே."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. இணைப்பு துண்டிக்கப்படவில்லை. வேனின் துடைப்பான் ஓடுகிற சத்தமும் குழந்தையின் சிணுங்கலும் கேட்டுக்கொண்டே இருந்தன. பிறகு அதுவும் அறுந்தது.

அக்கரையில் வேனின் கதவு திறந்தது. ஒரு உருவம் இறங்கி, மழையில் தண்ணீரின் விளிம்பு வரை நடந்து வந்து நின்றது. இவர்கள் பக்கம் அது கை அசைக்கவில்லை. போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அதில் இருப்பதையே படித்துக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன வெளிச்சம் அணைவதும், விரல் பட்டு மறுபடி எரிவதுமாக இருந்தது.